பாடம் நடத்தாமல் ஒரு சான்றிதழ்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் அல்சூரில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். தாய்லாந்தில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசையில், பத்தே நாளில் சான்றிதழ் தரும் பயிற்சி நிலையம் ஒன்றில் சேரப் போனேன். பள்ளி வேலையை விடவும் முடிவு செய்திருந்தேன்.

விண்ணப்பத்தை நீட்டியதும் வரவேற்பறைப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "மேடம், இங்க ஒரு கிளாஸாவது எடுக்கவெச்சுப் பாப்பாங்களான்னு கேட்டீங்களா?"

"நான் எட்டு வருஷமா டீச்சர்மா," என்றேன் வெடுக்கென்று.

"போன பேட்ச்ல போனவங்கள அங்க ஸ்கூல்ல வேலைக்குச் சேத்துக்கல மேடம். இந்த சர்டிஃபிகேட் செல்லாதுன்னுட்டாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மாணவர்கள் முன் நிறுத்திப் பாடம் நடத்தவைத்து, தவறுகளைத் திருத்திய வேறொரு பயிற்சியில் சேர்ந்தேன். பாங்காக்கில் நேர்முகத் தேர்வில் கேட்ட முதல் கேள்வியே, "பயிற்சியில் எத்தனை வகுப்பு எடுத்தீர்கள்?" என்பதுதான். பதில் சொன்ன பிறகே எனக்கு மூச்சு வந்தது.

வேலை போய்விடும் என்ற பயத்தோடுதான் அந்த வரவேற்பறைப் பெண் எனக்கு அதைச் சொன்னாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வாய் திறந்திருப்பேனா, தெரியவில்லை.