தேய்த்தால் போகும் என்றார் அத்தான்

அக்காவுக்கு முதுகிலும் முழங்கையிலும் சொரியாசிஸ். தோல் தடித்து வெள்ளைச் செதில் உதிரும். தொற்றாது; முழுதாகப் போகவும் போகாது. இந்த இரண்டாவது விஷயத்தை அத்தான் ஏற்கவே இல்லை.

சௌல்தாரி என்ற தீவுக் கிராமத்தில் அவருக்குத் தென்னந்தோப்பு. சொந்தக் கொப்பரையில் ஆட்டிய எண்ணெய் எதையும் தீர்க்கும் என்பது அவர் கட்சி. தினமும் காலையில் அக்காவைக் கொல்லைப்புறத்தில் பலகை போட்டு உட்கார வைப்பார். எண்ணெயைச் சுடவைத்து அழுத்தித் தேய்ப்பார். செதில் விடாத இடத்தில் காய்ந்த பீர்க்கங்கூட்டை எடுப்பார். முடிந்ததும் முதுகு சிவந்து மினுங்கும். அதைத்தான் குணம் என்று நம்பினார். செதில் திரும்பியதும் இன்னும் அழுத்தினார்.

பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் வேலியோரம் நின்று, "கித்னா சேவா கர்தா ஹை!" என்பாள். எந்தப் புருஷன் இவ்வளவு பணிவிடை செய்வான் என்ற வியப்பு. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். ஊரே மெச்சுகிற கையை வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது?

பத்திரிகையில் வேலை செய்யும் நான் ஒரு முறை அங்கே போயிருந்தபோது அவளுடைய தோளைப் பார்த்தேன். அதுவரை சுத்தமாக இருந்த இடம். இப்போது பக்கத்துப் பக்கத்தில் சில செதில் பட்டைகள், ஒவ்வொன்றும் விரல் அகலம்.

மறுநாளே பஸ் ஏற்றி டவுனில் அபர்டீன் பஜாருக்கு அழைத்துப்போனேன். அங்கே ஒரு தோல் டாக்டர்.

"யாரு இப்படித் தேய்க்கிறது?" என்றார். "இந்த வியாதியில தோலைப் புண்ணாக்குனா, புண்ணான இடத்துலயே புதுசா வரும். எண்ணெய் தப்பில்ல. மெதுவா தடவுங்க. தேய்க்காதீங்க."

டாக்டர் சொன்னதை வீட்டில் சொன்னதும் அத்தான் பொரிந்தார்.

"டாக்டருக்கென்ன, அவனுக்கு தவாய், மருந்துன்னு விக்கணும். நீ பேப்பர்க்காரி, எதையாச்சும் கிளப்பிவிட்டுட்டு கிளம்பிருவ."

"அவ தோள்ல உங்க விரல் பதிஞ்சிருக்கு அத்தான். போய்ப் பாருங்க."

"என் பொண்டாட்டி முதுகை நீ எனக்குக் காட்டுறியா? சும்மா இரு."

அன்று என்னோடு அவர் சாப்பிட உட்காரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

காலையில் வழக்கம்போலப் பலகை போட்டார். எண்ணெய் ஆவி பறந்தது. அக்கா வந்தாள், ரவிக்கையைக் கழற்றவில்லை.

"உட்காரு."

"எண்ணெயை வெச்சிட்டுப் போங்க."

"அப்ப யாரு தேய்ப்பா, உன் தங்கச்சியா?"

"யாரும் தேய்க்க வேணாம். ஆறட்டும், நானே தடவிக்கிறேன்."

அவர் வேலிப் பக்கம் திரும்பி, வங்காளி அம்மாளைப் பார்க்கச் சொல்லி, "தேகோ பாபி! இவளுக்கு என் கை ஆகாதாம்" என்று குரல் கொடுத்தார். அந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"முதுகு உனக்கு எப்படிடி எட்டும்?"

"எட்டாத இடம் அப்படியே இருக்கட்டும்," என்றாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள்.