என் மனைவி பாடவேண்டிய வரிகள்

"…அதான் கேக்குறேன் அண்ணே, ஜோடிப் பாட்டுக்குப் பேர் கொடுத்துட்டு நீங்க மட்டும் வந்திருக்கீங்க, அக்கா எங்க?" என்றார் பியானோ வாசித்த பெண்.

"அவ போன மாசம் தவறிட்டா. பரவால்ல லா, நான் பாடுறேன்." பஸ் நம்பர் சொல்வதுபோல்தான் சொன்னேன்.

புக்கிட் பாத்தோக் சமூக மன்றத்தில், சிங்கப்பூர் பிறந்த கதையை இசை நாடகமாகப் போட ஆள் தேர்ந்தெடுத்தார்கள். மேடையேற ஆசைப்பட்டவள் என் மனைவி. அவளுக்காகவாவது அதில் ஒரு வேடம் வேண்டும் என்று போயிருந்தேன். தடுமாறியவர்களைப் பாதியிலேயே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

துறைமுகத் தொழிலாளியாக என் வரிகளைப் பாடினேன். அவள் முறை வந்ததும், வீட்டில் அவளோடு பாடிப் பழகியபடி வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அழுகைகூட வரவில்லை.

"போதும், நன்றி," என்றார் நடுவர்.

பியானோ நிற்கவில்லை. அந்தப் பெண் என் மனைவியின் வரிகளை முழுவதும் வாசித்துவிட்டு, என் வரி வந்ததும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.