இருபத்தேழு புளியங்கொட்டைகள்

முப்பத்திரண்டு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தேன். அதில் ஒரே ஒரு நாள், தொலையாத குடையைத் தேடிக்கொண்டு ஓடியிருக்கிறேன். குடை மாட்டுவண்டியில் வைக்கோலுக்கு அடியில் இருந்தது. அங்கே அதை ஒளித்து வைத்தவனும் நான்தான்.

பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவது எப்படி என்று புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்களுக்காக எழுதித் தரச் சொன்னார்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவது, என்னென்ன எடுத்துப் போவது என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். அதெல்லாம் யாரும் சொல்லாமலே உங்களுக்கு வரும். நான் குடையைப் பற்றி எழுதுகிறேன்.

1. புத்தகத்தில் வந்த வசந்தம்

இந்த நூற்றாண்டு பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். சிங்கப்பூரில் மின்சார டிராம் புதுசு. அதில் ஏறினால் உடம்பில் கரண்டு ஏறும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். தேக்காவுக்குப் பக்கத்தில், மாட்டுக் கொட்டகைகளுக்கு நடுவே எங்கள் பள்ளிக்கூடம். இரண்டு அறை, இரண்டு வாத்தியார். தலைமை ஆசிரியர் பெயர் தேவசகாயம். நான் இரண்டாம் வாத்தியார். வயது இருபத்துமூன்று, தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு.

இங்கிலீஷ் ரீடரில் வசந்த காலம் பற்றி ஒரு பாடம் உண்டு. அந்த ஊர்ப் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு வயல்வெளிக்குப் போய்ப் பூப் பறிப்பார்கள். தலைமை ஆசிரியர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் வைத்தி, நம்ம பிள்ளைங்களும் இப்படிப் போகணும்."

"ஐயா, இந்த ஊர்ல வசந்தம் ஏது? வெயில் இருக்கு, மழை இருக்கு. அவ்வளவுதான்."

"பங்குனி முடியுது. சித்திரைப் பிறப்புக்கு லீவு வருது. அதுதான் நம்ம வசந்தம். தங்ளின் பக்கம் பெரிய பூந்தோட்டம் இருக்கில்ல, அங்க போறோம். தாய்மாரும் வரட்டும்."

தாய்மாரை அவர் கூப்பிட்டதற்குக் காரணம் இருந்தது. எங்களிடம் ஆறு பெண் பிள்ளைகள் படித்தார்கள். வீடு வீடாக நடந்து, திட்டு வாங்கி, அவர் சேர்த்த ஆறு பேர். அவர்களுக்கென்று ஒரு பெஞ்சு. தாய்மார் வந்து பார்த்தால் இன்னும் நாலு பேரை அனுப்புவார்கள் என்பது அவர் கணக்கு.

"ஒரு பிள்ளைக்கு முள்ளு குத்தினாக்கூட அந்த பெஞ்சு காலியாயிடும். அது உம்ம பொறுப்பு" என்றார். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

2. தலையை எண்ணாதீங்க

மூன்று வண்டி பிள்ளைகளுக்கு, ஒரு வண்டி தாய்மாருக்கும் கைக்குழந்தைகளுக்கும். வண்டிக்கு ஒன்பது பேராக இருபத்தேழு பிள்ளைகள். காலையில் பள்ளி வாசலில் வரிசையாக நிறுத்தி, தலையைத் தொட்டு எண்ண ஆரம்பித்தேன். மூன்றாவது தலைக்குப் போவதற்குள் ஒரு கை என் கையைத் தடுத்தது.

பால்காரக் கோனாரின் மனைவி சின்னப்பொண்ணு. பெண்கள் பெஞ்சில் இரண்டு பேர் அவர் பிள்ளைகள். மூத்தவள் பாக்கியத்துக்கு எட்டு வயது, இளையவள் தங்கத்துக்கு ஏழு.

"வாத்தியாரய்யா, இதென்ன ஆடா, மாடா? வாய் விட்டு எண்ணுனா கண்ணு பட்டுடும்."

"எண்ணாம எப்படிம்மா? ஒண்ணு குறைஞ்சா தெரியணுமே?"

"காலங்காத்தால என்ன வார்த்தை பேசுறீங்க!" என்று மற்ற தாய்மாரும் சேர்ந்துகொண்டார்கள். நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்பதற்கு 'லாபம்' என்று சொல்வார்களே, அப்படி எண்ணட்டுமா என்றேன். அதற்கும் ஒப்பவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பக்கத்துக் கடையில் ஒரு கை புளியங்கொட்டை வாங்கி, ஆளுக்கொன்று கொடுத்தேன். வண்டியில் ஏறும்போது ஒவ்வொருவரும் கொட்டையை என் பிஸ்கட் டின்னில் போட வேண்டும். இறங்கும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். நான் கொட்டையைத்தானே எண்ணுகிறேன், பிள்ளையை இல்லையே! தாய்மார் சிரித்தார்கள். தலைமை ஆசிரியர் முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

சின்னப்பொண்ணு ஒரு தூக்குச்சட்டியை என்னிடம் கொடுத்தார். "கடலை உருண்டை. பிள்ளைக்கு ஒண்ணு, கணக்கா உருட்டியிருக்கேன். திரும்பி வர்றப்போ பிள்ளைங்க பசியில கத்தும், அப்பக் குடுங்க."

3. இலை தாங்கும்

தோட்டம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் நிம்மதி இல்லை. மரத்தில் குரங்கு தெரிந்தால் பயம், புல் உயரமாக இருந்தால் பாம்புப் பயம். தாய்மார் நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்தார்கள். பிள்ளைகளுக்கு நான் மரம் மரமாகப் பாடம் சொன்னேன்.

குளத்துக்கு வந்தோம். பெரிய அல்லி ஒன்று அங்கே இருந்தது. ஒவ்வொரு இலையும் வண்டிச் சக்கரம் அகலம், ஓரம் தாம்பாளம் போல மேலே மடங்கியிருக்கும். ஆண் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இந்த இலை மேல உங்கள மாதிரி ஒரு பிள்ளை உக்காந்தாக்கூட முழுகாது. தாங்கும்" என்றேன். "இதோட பூ பகல்ல மூடியிருக்கும். பொழுது சாயறப்போதான் விரியும். வாசனை அப்படி இருக்கும்!"

இரண்டையும் நான் எங்கோ படித்திருந்தேன். கண்ணால் பார்த்தது ஒன்றும் இல்லை.

"சார், நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டது தங்கம்தான்.

"பாக்காமலா சொல்றேன்?" என்றேன். அந்தப் பொய் எனக்கு அப்போது பொய்யாகவே தெரியவில்லை.

நாலரை மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. சித்திரை மழைக்கு இந்த ஊரில் முன்னறிவிப்பு கிடையாது. இடி ஒன்று விழுந்ததும் எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். வண்டிகளுக்குப் பக்கத்தில் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொட்டைகள் டக் டக்கென்று விழுந்தன. காது எண்ணியது, கண் வானத்தைப் பார்த்தது. கடைசியில் டின்னைக் கவிழ்த்து இன்னொரு முறை எண்ணினேன். இருபத்தேழு.

"சரியா இருக்கு. ஓட்டுங்க!" என்றேன்.

4. மிச்சம் ஒன்று

முன்னால் தாய்மார் வண்டி. அடுத்ததில் தலைமை ஆசிரியர். கடைசி வண்டியில், பெண் பிள்ளைகளும் சின்னப் பையன்கள் மூன்று பேருமாக, நான். ஓட்டியவர் நாகூர்க்காரர் மொய்தீன். தூறல் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் படுதாவுக்குள் ஒடுங்கிக் கிடந்தார்கள்.

ஒரு மைல் போயிருப்போம். வண்டிகள் ஒரு மேட்டில் மெதுவாக ஏறின. நான் இறங்கி நடந்து, முன் வண்டிகளில் உருண்டையைக் கொடுத்துவிட்டு என் வண்டிக்கு வந்தேன். கொடுத்து முடித்தபோது சட்டியின் அடியில் ஒன்று மிஞ்சியிருந்தது.

"யாரு வாங்கல?"

எல்லோர் கையிலும் இருந்தது. கடலை உருண்டையை வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையை நான் இந்த வயது வரை பார்த்ததில்லை. படுதாவைத் தூக்கி முகங்களைப் பார்த்தேன். பாக்கியம் உருண்டையைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள்.

"பாக்கியம், தங்கம் எங்க?"

"பூ விரியறதப் பாத்துட்டுப் பின்னாடியே ஓடி வந்துடறேன்னு சொன்னா சார். அவ கொட்டையையும் என்கிட்ட குடுத்தா. நான்தான் ரெண்டையும் போட்டேன். வந்துடுவான்னு நெனச்சேன் சார்."

பூவைப் பற்றி அவளுக்குச் சொன்னது நான். இலை தாங்கும் என்று சொன்னதும் நான். அவள் கரையில் நின்று பார்ப்பாளா, இலையில் உட்கார்ந்து பார்ப்பாளா?

அடுத்து நான் செய்ததை எழுத இன்றும் வெட்கமாக இருக்கிறது. முன்னால் போகும் வண்டியில் அவள் தாய் இருந்தார். கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நான் குடையை வைக்கோலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "ஐயா, குடைய மறந்து வெச்சுட்டு வந்துட்டேன்! நீங்க போங்க, ரிக்‌ஷால வந்துடறேன்!" என்று கத்தினேன். பிறகு எட்டு வயதுப் பெண்ணிடம், "யார்கிட்டயும் சொல்லாத" என்றும் சொன்னேன்.

மொய்தீன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ரிக்‌ஷா ஒன்றும் கிடைக்கவில்லை. ஓடினேன். வேட்டி காலில் சுற்றியது, செருப்பு ஒன்று சேற்றில் போயிற்று. அம்மை பராசக்தி, அந்த இலை கரையிலிருந்து எட்டாத தூரத்தில் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓடினேன். தலைமை ஆசிரியர் நினைவு வரவில்லை, பெஞ்சு நினைவு வரவில்லை. அந்தக் குழந்தை எனக்கு வேண்டும், அவ்வளவுதான்.

குளத்தில் யாரும் இல்லை. கரையோரத்தில் ஒரு இலை மட்டும் சாய்ந்து, பாதி தண்ணீருக்குள் கிடந்தது.

"தங்கம்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"சார்" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். முழுக்க நனைந்திருந்தாள். தோட்ட வேலை செய்யும் ஜாவாக்காரர் ஒருவர் தம் சாரத்துணியை அவளுக்குப் போர்த்திவிட்டு, பக்கத்தில் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் குளத்தைக் காட்டி, "டாலாம், டாலாம்" என்று, ஆழம் என்பது போலத் தம் நெஞ்சு உயரத்தில் கையை வைத்துக் காண்பித்தார். அவளைத் தூக்கிய கைதான் அது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

தங்கம் அழவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். இலைக்கு அடியில் முள் இருக்கும் என்பதும் என் பாடத்தில் இல்லை.

"இலை தாங்கல சார். ஒரு கால்தான் வெச்சேன். நீங்க பாத்தேன்னு சொன்னீங்களே?"

தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். பூ விரிய ஆரம்பிச்சிருச்சு, ஒரு நிமிஷம் நில்லுங்க சார் என்று அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் திரும்பவில்லை.

5. குடை

ரிக்‌ஷா பிடித்துப் பள்ளிக்கூடம் வந்தபோது வாசலில் சின்னப்பொண்ணு மட்டும் மழையில் நின்றிருந்தார். கையில் என் குடை. அதை விரிக்காமலே பிடித்திருந்தார். மகளை இறக்கினேன். உள்ளங்கையைப் பார்த்தார். முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அப்புறம் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எவ்வளவு நேரம் என்று தெரியாது, அப்படியே நின்றார்.

கிளம்பும்போது குடையை என் கையில் வைத்தார். "வண்டியிலயே இருந்துச்சு, வாத்தியாரய்யா." திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் தலைமை ஆசிரியரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எண்ணினீரா?"

"எண்ணினேன் ஐயா."

"எதை?"

வேலையை விட்டுவிடுகிறேன் என்று நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை மேஜைக்குள் வைத்தார். "திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்கட்டும். பெஞ்சப் பாத்துட்டு முடிவு பண்றேன்."

இடையில் இரண்டு நாள். கோனார் இரண்டு பிள்ளைகளையும் நிறுத்தப் போகிறாராம், மற்ற வீடுகளிலும் அதே பேச்சாம் என்று மொய்தீன் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை மணி அடித்தது. பையன்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் பெஞ்சு காலி. தலைமை ஆசிரியர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேஜையைத் திறந்தார்.

அப்போது வாசலில் கொலுசுச் சத்தம் கேட்டது. சின்னப்பொண்ணு முன்னால் வந்தார். பின்னால் ஆறு பேர். அவரே வீடு வீடாகப் போய் அழைத்து வந்திருக்கிறார். தங்கத்தின் கையில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது.

"இவ அப்பா வேண்டாம்னுதான் சொன்னாரு" என்றார் சின்னப்பொண்ணு. "தங்கந்தான் விடல. வாத்தியாரு தப்பாச் சொன்னது அவருக்கு இன்னும் புரியல, நான் போய்ச் சொல்லணும்கிறா. இவ எதச் சொன்னாலும் செஞ்சு பாக்கிற புள்ள, வாத்தியாரய்யா. பாத்ததப் பாத்தேன்னு சொல்லுங்க, படிச்சதப் படிச்சேன்னு சொல்லுங்க."

"சரிம்மா" என்றேன்.

"இன்னொண்ணு. அந்தப் புளியங்கொட்டையத் தூக்கிப் போடுங்க. எண்ணாதீங்கன்னு தடுத்தது நான்தான். இந்த ரெண்டு மூணு நாளா அதையே நெனச்சு நெனச்சு வெந்துட்டேன். இனிமே தலையத் தொட்டு, முகத்தப் பாத்து, வாய் விட்டு எண்ணுங்க. கண்ணு பட்டா நான் சுத்திப் போட்டுக்கிறேன்."

சொல்லிவிட்டுப் போகவில்லை. வாசலிலேயே நின்றார். நான் பெஞ்சுக்குப் போய், முதலில் தங்கத்தின் தலையில் கை வைத்தேன்.

"லாபம்" என்றேன்.

"ஒண்ணுன்னே சொல்லுங்க" என்றார் சின்னப்பொண்ணு.