தோட்டத்துக் கிணறு

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘அகராதி’. எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறாள் என்று அம்மா வைத்த பட்டம் எப்படியோ வேலை இடத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இங்கே அது பொருத்தமும்கூட. கிணற்றிலும் கால்வாயிலும் இறக்கிவைத்த சென்சார்கள் ஓயாமல் எண்களை அனுப்பும். வெறும் எண்ணை வைத்து நாக்கு வழிக்கவா? எது எதன் வகை, எந்தத் தண்ணீர் எதற்கு, எதற்கு என்ன வரம்பு என்று கணினிக்கு உறவுமுறை சொல்லிக்கொடுப்பதுதான் அவள் வேலை. அந்த உறவு மரத்துக்கு ஆன்டாலஜி என்று பெயர். அத்தையை அண்ணி என்று கூப்பிட்டால் குடும்பத்தில் என்ன கூத்து நடக்குமோ அதுதான் இங்கேயும் நடக்கும் என்பாள்.

அவள் பிறந்த வீட்டுக் கிணற்றிலும் ஒரு சென்சார் இருந்தது. தோட்டம் போய்க் கொல்லையெல்லாம் சிமென்ட் ஆன பிறகும் அந்த வீட்டில் அதற்குத் ‘தோட்டத்துக் கிணறு’ என்றுதான் பெயர். குடிப்பதும் சமைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். அவளும் அதைக் குடித்து வளர்ந்தவள். ஆனாலும் பெயரைப் பார்த்ததும் கை தன் பாட்டுக்கு அதைப் பாசன நீரின் கீழ் கொண்டுபோய் வைத்துவிட்டது. செடிக்குப் போகும் தண்ணீரில் உலோகம் கொஞ்சம் கூடினால் கணினி கண்டுகொள்ளாது.

அந்த வீட்டில் இப்போது அண்ணனும் அண்ணியும்தான். அண்ணன் லாரி ஓட்டுபவர். வீட்டுத் தண்ணீர் குடிக்கும் நாள் குறைவு. அண்ணி வீட்டோடு இருந்தாள். சிறுநீரகம் இரண்டும் பழுது என்றார்கள், ஏன் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அண்ணி போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகுதான் அவளுக்குப் பொறி தட்டியது. தேடிப் பார்த்தாள். எண்கள் எல்லாம் சரியாக வந்திருந்தன. தப்பு அந்த உறவு மரத்தில் அவள் போட்ட ஒரு கோட்டில். கிணற்றைக் குடிநீருக்கு மாற்றினாள். கணினி சொன்னபடி கேட்கிற பிள்ளை. பழைய அளவுகளையும் புது வரம்போடு ஒப்பிட்டு, விட்டுப்போன எச்சரிக்கைகளை எல்லாம் பதிவிலிருந்த எண்ணுக்கு அனுப்பியது. அது அண்ணியின் எண்.

சற்று நேரத்தில் அண்ணன் கூப்பிட்டார்.

“அண்ணி போன்ல மெசேஜா வந்து கொட்டுதும்மா. இந்தத் தண்ணிய குடிக்காதீங்கன்னு. எல்லாம் போன வருஷத் தேதி. இது அப்பவே தெரியுமா?”

“மெஷினுக்குத் தெரியும்ண்ணே. நான்தான் அத செடிக்கு ஊத்துற தண்ணின்னு போட்டுட்டேன். என் தப்புண்ணே.”

அவர் திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் திட்டவில்லை.

“தண்ணி ஒரு மாதிரி இருக்கு, உங்க தங்கச்சிகிட்ட கேளுங்கன்னு உங்கண்ணி சொல்லிக்கிட்டே இருந்தா,” என்றார். “நான்தான் கேக்கல. கெட்டுப்போயிருந்தா என் தங்கச்சியே முதல்ல சொல்லியிருப்பான்னுட்டேன்.”