துணியை அளந்த கருவி

கொரோனா இரண்டாம் அலை அடங்கி, பஸ் ஓடத் தொடங்கியிருந்த ஆடி மாதம். என் மகளின் மூச்சை அளக்க அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போனோம். பதினோரு வயது, ஆஸ்துமா. குழாயில் ஊதி வரும் எண் நன்றாக இருந்தால் மாத்திரையை நிறுத்தலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மாத்திரை அவள் முகத்தைப் பன் போல உப்ப வைத்திருந்தது. ஆன்லைன் வகுப்பில் கேமராவைத் திறக்கவே மாட்டாள். அவளுக்கு வேண்டியது ஆரோக்கியம்கூட இல்லை, பழைய கன்னம்.

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பிலைத் தோரணம், மஞ்சள் தண்ணீர் வாளி. செருப்புக்கு மருந்து தெளித்தார்கள். கைப்பைக்குத் தெளித்தார்கள். கையில் இருந்த முறுக்குப் பொட்டலத்துக்கும் தெளித்தார்கள். கிருமி என்பது செருப்பு மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கும் விருந்தாளி என்று முடிவு கட்டியிருந்த மேதைகள்.

மூச்சை அளக்கும் அறையின் ஜன்னல்களைச் செய்தித்தாள் ஒட்டி அடைத்திருந்தார்கள். வெளியிலிருந்து கொரோனா வந்துவிடக் கூடாதாம்! ஒரு குழந்தை ஊதி, இருமி, வெளியேறும். அதன் மூச்சு கலையும் முன் அடுத்த குழந்தை உள்ளே. ஆடிக் காற்று ஊரையே தூக்கிக்கொண்டு அலைகிறது, ஆற்றை உரசிக்கொண்டு, ஓசியில். இவர்களுக்கோ ஏசியில் ஊறிய எச்சில் மூச்சுதான் சுத்தம்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டெஸ்ட் எடுக்கும் பெண். பக்கத்தில், நிலவுக்குப் புறப்பட்டவர் மாதிரி உடுத்திய மேலாளர். மகள் முகக்கவசத்தை இறக்கப் போனாள்.

“ஏட்டி, கழத்தாத! அப்படியே வச்சு ஊது” என்றார் மேலாளர்.

“துணி மேல குழாய வச்சு எப்படி மாமா ஊத?”

“ரூல்ஸும்மா. இங்கன யாரும் கழத்தக் கூடாது.”

ஊதினாள். துணி பொருமியது. பாதி மூச்சு கண்ணுக்கு ஏறியது, பாதி காதோரம் கசிந்தது, குழாய்க்குப் போனது மிச்சம் மீதி. வந்த எண்ணை மாடியில் இருந்த டாக்டருக்குப் போனில் சொன்னார்கள். நோய் பரவிய நாளிலிருந்து கீழே இறங்காத அந்த மகான், மாத்திரையைக் கூட்டச் சொன்னார்.

மகள் அழவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அந்தத் தொடல்தான் என்னைக் கிளப்பியது.

“தம்பி, நீங்க ஒருக்க ஊதுங்க” என்றேன் மேலாளரிடம்.

“எனக்கென்ன யக்கா? தெனமும் ஆத்துல நீந்துதவன்.”

“அப்பம் பயம் என்னத்துக்கு? புதுக் குழாய் மாட்டி, ரூல்ஸ்படி ஊதுங்க.”

தடுப்பைத் தாண்டி வந்து வீம்புக்கு ஊதினார், முகக்கவசத்தோடு. நெற்றி நரம்பு புடைத்தது. கருவி என்ன நினைத்ததோ, என் மகளைவிட மோசமான நோயாளி என்று காட்டியது.

“சார், ஒங்களுக்கு ரெண்டு மாத்திர போல!” டெஸ்ட் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நீங்க துணியத்தான் அளக்கீக மாமா” என்றாள் மகள்.

அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி டாக்டரிடம் நானே சொன்னேன். “மாஸ்க்கோடயா ஊத வச்சாங்க?” என்றார். எண்ணைக் கேட்கத் தெரிந்தவருக்கு, அதைக் கேட்க இவ்வளவு நேரம்! கருவியைத் திறந்த வராந்தாவுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

காற்று முதுகில் அடிக்க மகள் நின்றாள். வாய்க்கு வடிகட்டி வைத்த புதுக் குழாய். ஆள் நடமாட்டம் இல்லை. டெஸ்ட் பெண் கவசம் போட்டு, காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்று, “ஊது, ஊது, இன்னும் ஊது” என்று கத்தினாள். முகக்கவசம் இறங்கிய முகத்தை, அந்த உப்பிய முகத்தை, மாதக் கணக்கில் முதல் தடவையாக வெளி ஆட்கள் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. வயிற்றிலிருந்து ஊதினாள்.

இந்த எண்ணைக் கேட்ட டாக்டர், “மாத்திரையைப் பைய பையக் குறைச்சு நிறுத்திரலாம்” என்றார்.

கிளம்பும்போது மேலாளர் பின்னாலேயே வந்தார். குரல் தணிந்திருந்தது.

“யக்கா, இங்கன காத்துல நானும் ஒருக்க ஊதிப் பாக்கட்டா? மனசு கெடந்து அடிக்கி.”

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: “ஊதுங்க மாமா. மொதல்ல அந்த ஜன்னலத் தொறந்துட்டு வாங்க.”

படியிறங்கும்போது செய்தித்தாள் கிழியும் சத்தம் கேட்டது.