காய்ந்துபோன இரண்டு சுரப்பிகள்

என் சிறுநீரகங்களின் மேல் ஆளுக்கொரு தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகளும் காய்ந்து சருகாகிவிட்டன என்று ஒரு காலத்தில் நான் முழுமனதோடு நம்பினேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. விழுப்புரத்தில் முடிவெட்டிக்கொள்ளப் போன கடையில், அட்டை கிழிந்த ஒரு வாரப் பத்திரிகையின் மருத்துவப் பக்கம்தான் சொன்னது. ஓயாத உளைச்சலில் கிடப்பவனுக்கு அட்ரினல் என்ற சுரப்பி களைத்துப்போகுமாம். காலையில் எழுந்திருக்கும்போதே அசதி, எதற்கெடுத்தாலும் எரிச்சல், உப்பு மேல் ஆசை. மூன்றும் எனக்கு இருந்தன. பாதித் தலை வெட்டியிருக்கும்போதே நான் சாகப்போகிறவன் ஆகிவிட்டேன். மீதித் தலையையும் வெட்டச் சொன்னது, கடைசியாகப் பார்க்க வருகிறவர்களுக்கு லட்சணமாகத் தெரியட்டும் என்றுதான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் கம்பெனியின் பஸ்களுக்கு நான் டைம் கீப்பர். நோட்டும் விசிலும்தான் ஆயுதம். எங்கள் வண்டி கிளம்ப வேண்டிய நிமிடத்தில் விசில் ஊத வேண்டும். எங்களுக்கு முந்தின வண்டிக்காரன் தன் நிமிடம் முடிந்த பிறகும் நின்று எங்கள் ஆட்களை ஏற்றினால் அவனை விரட்ட வேண்டும். அந்த ஒற்றை நிமிடத்துக்காகச் சட்டையைப் பிடித்தவர்கள் உண்டு. என் சட்டையையும்தான். இரண்டு பேர் மாறி மாறிப் பார்க்க வேண்டிய வேலை. இன்னொருவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். "ஆள் கெடைக்கிற வரைக்கும் நீயே பாத்துக்கய்யா" என்றார் முதலாளி. இரண்டு வருடமாகியும் ஆள் தேட அவருக்கு அவசரம் வரவில்லை. எனக்கும் உள்ளூரப் பெருமை. நான் இல்லாவிட்டால் புதுச்சேரி ரோடே நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விடியுமுன் விழுப்புரத்தில் பஸ் ஏறினால், ஊர் அடங்கியபின் வீடு.

சுரப்பி காய்ந்தவன் சும்மா இருக்கலாமா. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போய், ஆட்டுச் சிறுநீரகத்தின் மேல் சின்னதாக ஒன்று இருக்குமே, அது வேண்டும் என்றேன்.

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "ஈரல் கேளு, மண்ணீரல் கேளு, மூள கேளு. கிட்னிக்கு மேல கீற தொப்பிய இதுவரைக்கும் எவனும் கேட்டதில்ல. யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எத்தினி ஆட்டு தொப்பி வேணும்?"

நாலு ஆட்டுத் தொப்பி வாங்கினேன். மிளகு போட்டு வறுத்துக் கொடுத்த என் மனைவி, நான் தின்று முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். "இன்னாங்க, தெம்பா கீதா?" என்றாள். ஏப்பம்தான் வந்தது.

அடுத்து மருந்துக் கடை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் உடம்பு சரியில்லை என்றால் 'ஒரு செட்டு' வாங்குவது வழக்கம். ஜுரமா, வலியா, அசதியா என்று மட்டும் சொன்னால் போதும். கடைக்காரர் ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஒரு மாத்திரை எடுத்து, கிழித்த காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார். பெயர் கிடையாது, சீட்டு கிடையாது. எனக்கு வந்த செட்டில் மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை ஒன்று.

"மஞ்சளு வைட்டமினு. செவப்பு வலிக்கு. வெள்ளதான் விசேஷம், ஹார்மோன் சத்து. ஒடம்புல ஊறாதத இது குடுத்துடும்" என்றார்.

காய்ந்த சுரப்பிக்காரன் காதில் இது எப்படி விழும். மஞ்சளையும் சிவப்பையும் விட்டுவிட்டு வெள்ளையை மட்டும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று தனியாக வாங்க ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் நான் பறந்தேன். பொய் சொல்லவில்லை. எட்டு இட்லி தின்றுவிட்டு, பத்து மணிக்கு மறுபடி பசித்து, வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, படிக்கணக்கில் தின்றேன். எதிர்க் கம்பெனி கண்டக்டரிடம் ஒரு நிமிடத்துக்குப் பதில் அரை நிமிடத்துக்கே சண்டைக்குப் போனேன். அவன் என் பரம எதிரி. டீக்கடையில் பக்கத்துப் பெஞ்சில் உட்காரும் ஒரே நண்பனும் அவன்தான்.

"இன்னா கீப்பரே, சிங்கமாட்டம் கீற. இன்னா சாப்ட்டுகினு கீற?"

"ஹார்மோன்" என்றேன், வெள்ளை மாத்திரையை டீயில் விழுங்கியபடி. "உனுக்கெல்லாம் வாணாம். உனுக்கு ஏற்கெனவே ஜாஸ்தி."

இரண்டு மாதத்தில் முகம் பூரித்தது. ஸ்டாண்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். கன்னம் வழவழவென்று முழு நிலவாகி, கண்கள் அதில் இரண்டு கீறலாகிவிட்டன. எல்லோரும் முகத்தைப் பார்க்க, என் மனைவி மட்டும் மற்றதைப் பார்த்தாள்.

"மூஞ்சி மட்டும் பலூனாட்டம் ஊதிகினு போவுது. கையும் காலும் குச்சியா கீது. இது சத்துன்னா சத்து ஏன் கழுத்தோட நின்னுபோச்சு?"

ஆறாவது மாதம் முழங்காலில் பட்ட சின்னச் சிராய்ப்பு மூன்று வாரமாகியும் ஆறாததால், அவள் என்னை விழுப்புரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் முழங்காலைப் பார்க்கவே இல்லை.

"எத்தனை மாசமா வெள்ளை மாத்திரை சாப்பிடறீங்க?"

நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல் என் முகமே சொல்லியிருக்கிறது. அது ஸ்டீராய்டு என்றார். சுரப்பி தருகிற சரக்கை வெளியிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தால், சுரப்பி வேலையை விட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும் என்றார். பிறகு ஒரு காகிதத்தில் கட்டம் போட்டார்.

"நிறுத்தணும். ஆனா இன்னைக்கே நிறுத்திடாதீங்க. பாதி, கால்னு மாசக்கணக்கில கொறைக்கணும். சடார்னு விட்டீங்கன்னா ஆபத்து. புரிஞ்சுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. ஆனால் ரோஷம் வந்துவிட்டது. கடுகளவு மாத்திரை, அதுவும் ஒருவன் பெயர் சொல்லாமல் ஏமாற்றிக் கொடுத்த மாத்திரை, என்னை மாசக்கணக்கில் கயிறு கட்டி நடத்துவதா? பஸ் முதலாளிகளையே விரட்டுகிறவன் நான். மறுநாள் விடியலில் விக்கிரவாண்டி தாண்டியதும் பொட்டலத்தை ஜன்னல் வழியாக வீசினேன். பக்கத்து சீட்காரர் பீடியையா எறிந்தீர்கள் என்றார். என் அடிமைத்தனத்தை என்றேன். நல்ல வசனம். நாலு நாள்தான் தாங்கியது.

முதல் நாள் கால் கனத்தது. இரண்டாம் நாள் சோற்றைக் கண்டால் குமட்டல். மூன்றாம் நாள் ஊறுகாய்ப் புட்டியை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வைராக்கியக்காரனுக்கு முதலில் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கே தைரியம் சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் எதிர்க் கம்பெனி புதுச்சேரி வண்டி தன் நேரம் முடிந்தும் நின்றது. விரட்ட விசிலை வாயில் வைத்தேன். ஊதக் காற்று இல்லை. தார்த்தரை மேலே எழும்பி என்னிடம் வந்தது.

அதே வண்டியில்தான் என்னைப் போட்டார்கள். பரம எதிரி என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஜல்தி போப்பா, ஜல்தி" என்று டிரைவரிடம் கத்தியது கேட்டது. வழியில் ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸையே நிறுத்தினார்கள். அந்த வண்டி நிறுத்தமில்லாத இடத்தில் நின்றதை நான் ஆட்சேபிக்காத ஒரே நாள் அதுதான்.

இரத்த அழுத்தம் தரையில் கிடந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் அவனிடம், "ஏதாவது மாத்திரை சாப்பிட்டுக்கிட்டிருந்து நிறுத்தினாரா?" என்று கேட்டிருக்கிறார்.

"மாத்திரையா? தெனம் டீயோட முழுங்குவாரு சார். கேட்டா ஹார்மோன்னு பீத்திக்குவாரு. இந்த நாலு நாளா முழுங்கல. கேட்டதுக்கு, நான் யாருக்கும் அடிமையில்லன்னாரு."

அந்தப் பீற்றல்தான் என்னைக் காப்பாற்றியது. சரியான ஊசி ஏறி, பாட்டிலும் ஏறி, சாயங்காலத்துக்குள் உட்கார்ந்துவிட்டேன். விழுப்புரத்திலிருந்து ஓடிவந்த மனைவி என்னைப் பார்க்கவில்லை. கட்டம் போட்ட காகிதத்தை டாக்டரிடம் நீட்டினாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாங்க, வீரம் முடிஞ்சுதா? இல்ல இன்னும் கொஞ்சம் பாக்கி கீதா?"

பாக்கி இருந்தது. அதை வேறு பக்கம் திருப்பினேன்.

பெண் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். சுரப்பி மறுபடி விழிக்கலாம், விழிக்காமலும் போகலாம். விழிக்காவிட்டால் ஆயுளுக்கும் மாத்திரை, ஒரு சாதாரண ஜுரம்கூட ஆபத்து. கட்டம் தவறாமல் குறைக்க வேண்டும், ஒழுங்காகத் தூங்க வேண்டும். நான் முதலாளி வீட்டுக்குப் போனேன்.

"இனிமே காலையிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும்தான் பாப்பேன் முதலாளி."

"மூஞ்சி நல்லாத்தானய்யா கீது?"

"இது மூஞ்சி இல்லீங்க, மாத்திரை."

"அப்ப நான் வேற ஆளு பாத்துக்கறேன்."

"பாருங்க. ரெண்டு ஆளா பாருங்க. ரெண்டு ஆளு வேலையத்தான் நான் பாத்துகினு கெடந்தேன்."

அவர் கதவைச் சாத்தினார். பத்து நாள் வீட்டில் இருந்தேன். பதினோராம் நாள் கூப்பிட்டனுப்பினார். மதியத்துக்கு இன்னொருவர் வந்திருந்தார்.

அந்தப் பத்து நாளில் சும்மா இருக்கவில்லை. மருந்துக் கடைக்குத் தினமும் போனேன். நாலு பேர் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போவேன்.

"அண்ணே, ஒரு செட்டு. ஒவ்வொண்ணு பேரும் எழுதிக் குடுங்க."

"பேரு எதுக்குய்யா, பொண்ணு பாக்கவா போற?"

"இல்லண்ணே. திரும்ப வுழுந்தா, இன்னாத்தால வுழுந்தன்னு டாக்டரு கேப்பாரு. சொல்லணுமில்ல."

முழங்கால் வலிக்குச் செட்டு வாங்கவந்த திருவாமாத்தூர் விவசாயி ஒருவர் தன் பொட்டலத்தைப் பிரித்தார். "எனக்கும் இந்த வெள்ளை கீதே. ஒரு வருசமா சாப்புட்றனே."

"தூக்கிப் போட்டுடாதீங்க" என்றேன். என் வாயிலிருந்தா இது வருகிறது என்று எனக்கே ஆச்சரியம். "அத கையில எடுத்துகினு டாக்டர பாருங்க. நானா நிறுத்தறேன்னு வீரம் காட்டுனீங்கன்னா பஸ்சுல பொணமா போவீங்க. நான் பாதி வழி போய்ட்டு வந்தவன்."

"பொழப்ப கெடுக்காத. பேஜாரு புடிச்சவனே" என்றார் கடைக்காரர்.

"பேர எழுதுங்கண்ணே. நான் போய்கினே இருக்கேன்."

ஆறாம் நாள் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடையில் செட்டு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். என் தலை தெரிந்தால் மட்டும் நின்றது.

வீட்டில் சவர பிளேடால் மாத்திரையை இரண்டாக, பிறகு நாலாக வெட்டுவது மனைவியின் வேலையாயிற்று. என்னை நம்பி பிளேடைக்கூடக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் இரண்டு வாரம் உடம்பு மணல் மூட்டையாகும். திட்டிக்கொண்டே படுத்திருப்பேன். திட்டிக்கொண்டேதான், ஆனால் ஒரு நாளும் கட்டத்தைத் தாண்டவில்லை. முகம் மெல்ல வற்றியது. "இன்னா கீப்பரே, எளச்சுட்ட" என்று ஸ்டாண்டில் துக்கம் விசாரித்தார்கள். என் பழைய மூஞ்சியைப் பார்த்து இத்தனை பேர் வருத்தப்படுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

மாத்திரை முழுக்க நின்றபின், சுரப்பி தானாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் புதுச்சேரியில் காலை எட்டு மணிக்கு இரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த காகிதத்தைப் பெண் டாக்டர் இரண்டு முறை படித்துவிட்டு, "முழிச்சுக்கிச்சு" என்றார்.

என் சுரப்பிகள் முதலில் காய்ந்திருக்கவே இல்லை. இரண்டு வருடம் இரவுக்கு நாலு மணி நேரம் மட்டும் தூங்கியதால் எனக்கு அசதி வந்தது. நன்றாக இருந்த சுரப்பிகளை ஆறு மாதம் மாத்திரை தின்று நானே படுக்கவைத்தேன். அவை எழுந்திருக்க ஒன்பது மாதம் ஆயிற்று.