ஒன்றாம் நம்பர் பட்டன்

கார் ஓடுவதை நம்பிப் பிழைப்பவர்கள் இந்த ஊரில் ஆயிரம் பேர் உண்டு. கார் ஓடாமல் நிற்பதை நம்பிப் பிழைப்பவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். முத்தாபுதுப்பேட்டையில், ரோட்டைவிட நாலடி உயரத்தில், பழைய நூல் குடோன் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஐப்பசி பிறப்பதற்குள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அடுக்குமாடிகளிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார்கள் அங்கே வந்து சேர்ந்துவிடும். மற்ற கார்க்காரர்கள் மழை வந்தால் வண்டியை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டு நிம்மதியாக இருக்கலாம். தரையோடு தரையாக ஓடும் இந்த வண்டிகளுக்கு, மெட்ரோவுக்காகத் தோண்டிய ரோட்டைத் தாண்டி மேம்பாலம் வரை போவதே பெரும்பாடு. அதனால் பொங்கல் வரை என்னிடம் விட்டுவிடுவார்கள்.

அடுத்தவர் பொருளை மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் அன்பர்களே, ஹாஸ்டல் வார்டன்களே, ஊருக்குப் போன பக்கத்து வீட்டுக்காரரின் மீன்தொட்டிக்கு இரை போடுகிறவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும். பொருள் அவர்களுடையது, தூக்கம் கெடுவது நமக்கு.

இடம் விடும் வண்டி

கோயம்புத்தூர்க்காரர் சுந்தர் மூன்று வருடமாக என் வாடிக்கையாளர். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அயப்பாக்கத்தில் ஃபிளாட், ஆறடி இரண்டங்குல உயரம். கரும்பச்சை நிறத்தில், இரண்டே இருக்கைகள் உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் அவருடையது. அந்த உயரத்தை அந்தக் காருக்குள் அவர் மடக்கி வைப்பதை நாங்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்போம்.

வண்டியை ஒப்படைக்கும்போது ஆளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஒருவர் பானெட்டில் விபூதி பூசுவார். இன்னொருவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே நிற்பார். சுந்தர் சீட்டைக் காட்டுவார். ஓட்டுநர் சீட்டுக்கு மோட்டார் இருந்தது. கதவில் ஒன்று, இரண்டு என்று இரண்டு பட்டன்கள். ஒன்றில் அவர் உட்காரும் நிலையும், இரண்டில் அவர் மனைவி கவிதா உட்காரும் நிலையும் பதிவாகியிருந்தன. வண்டியைப் பூட்டினால் சீட் தானாக முன்னால் போய் நின்றுகொள்ளும். திறந்தால் 'ர்ர்ர்' என்ற சத்தத்தோடு பின்னால் நகர்ந்து ஒன்றாம் நம்பரில், அதாவது சுந்தருக்குத் தோதான இடத்தில், நிற்கும். மூன்று வருடமும் நான் புதிதாகப் பார்ப்பதுபோல எனக்கு அதைச் செய்து காட்டினார்.

"நான் வந்தா இதுக்குத் தெரியுமுங்க. நகர்ந்து இடம் விடும், பாருங்க."

நாலு மணி வெளிச்சம்

இருபத்திரண்டு கார்கள், எல்லாவற்றுக்கும் வெள்ளை உறை. ஷட்டரை இறக்கிவிட்டால் மழை நாளில் பட்டப்பகலிலேயே உள்ளே இருட்டிவிடும். ஷட்டருக்கு அடியில் காற்று புகுந்தால் உறைகள் ஒவ்வொன்றாக எழும்பித் தணியும், வரிசையாகப் படுத்திருப்பவர்கள் மூச்சு விடுவதுபோல. பேய் உண்டா என்று கேட்பவர்களிடம், எலி உண்டு என்று சொல்வேன். அதற்காகத்தான் எஞ்சினுக்குள் புகையிலை வைக்கிறோம்.

போன மழைக்காலத்தின் முதல் வாரம், சரியாக மாலை நாலு மணிக்கு ஒரு காரின் விளக்குகள் உறைக்குள்ளேயே இரண்டு தடவை எரிந்து அணைந்தன. மறுநாளும் அப்படியே. எட்டு நாள் தொடர்ந்து நடந்தது. எங்கள் எலக்ட்ரீஷியன் கஜா, பட்டரவாக்கத்தில் பிறந்து வளர்ந்தவர், ஐம்பது வயது, எந்த ஒயரையும் வெறும் கையால் தொடுகிறவர், நாலு மணியானால் அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்றுவிட்டார். ஒயரை எலியும் கடிக்கவில்லை. கடைசியில் வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்கே போன் போட்டேன். செல்போன் ஆப் வழியாக அவர்தான் தினமும் விளக்கைப் போடுகிறாராம். எதற்கு என்று கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டேன்.

"அம்மா இருந்தவரைக்கும் இந்த நேரத்துக்கு அம்மாவைக் கூப்பிடுவேன் சார். இப்ப அங்க கூப்பிட்டா கண்ணைத் திறக்கறது இது மட்டும்தான்."

சனிக்கிழமை மூன்று மணி

கார்த்திகை முதல் வாரத்தில் சுந்தர் இறந்துபோனார். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பு. நாற்பது தாண்டி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. போனில் சொன்னது கவிதா. வண்டி பத்திரமாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு, கவிதா குடையோடு வந்தார். நான் உறையை எடுத்தேன். அவர் சாவியை வாங்கி ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தார். சீட் 'ர்ர்ர்' என்று பின்னால் நகர்ந்து, ஓர் ஆளுக்கு இடம் விட்டு நின்றது. எத்தனையோ தடவை கேட்ட சத்தம்தான். அன்றைக்கு என்னையறியாமல் ஓரடி ஒதுங்கி வழி விட்டேன்.

கவிதா உள்ளே உட்காரவில்லை. உயரமான ஒருவர் உடம்பை மடக்கி உள்ளே போய் உட்கார எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கையை நீட்டி சீட்டின் முதுகுப் பக்கம் எதையோ தொட்டுப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அரைமணி நேரம் அப்படியே இருந்தார். மறுவாரமும் வந்தார். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, எதையும் மாற்றிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"அவரோடதுல இன்னும் அசையறது இது ஒண்ணுதாங்கண்ணா. பொங்கல் வரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

ஏழாவது வண்டி

அடுத்த புதன்கிழமை புயல் மழை. ஏரி நிரம்பி, விடிந்ததிலிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து குடோனின் சரிவுப் பாதையில் முக்கால்வாசியை மூழ்கடித்துவிட்டது. இந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. தண்ணீர் உள்ளே வருவதற்குள் எல்லா வண்டியிலும் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வண்டியில் பற்றுகிற தீ இருபத்திரண்டையும் தின்றுவிடும்.

கஜா ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. கையில் பத்தாம் நம்பர் ஸ்பேனர். இருபது வருடம் செய்த வேலை. கை அது பாட்டுக்குச் செய்யும், மனசு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும். பதினோராவது வண்டியை முடித்து நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. என் வரிசையில் ஏழாவதாக நின்றது கரும்பச்சை. அது பழைய மாடல். பேட்டரியைக் கழற்றினால் பட்டனில் பதிந்ததெல்லாம் அழிந்துபோகும்.

மதியத்துக்குள் தண்ணீர் வாசற்படியைத் தொட்டுவிட்டு வடிந்தது. ஓடிப்போய் ஒயரை மாட்டினேன். கதவைத் திறந்தேன். சத்தமே இல்லை. ஒன்றாம் நம்பர் பட்டனை அழுத்தினேன். பூட்டியபோது முன்னால் போய் நின்ற சீட் அங்கேயே நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கஜா வந்து பார்த்தார். அவருக்கு என்மேல் இரக்கமெல்லாம் வரவில்லை.

"இன்னா சார் இப்டி பண்ட்டே. செத்துப்போன மனுசனுக்கு இருந்தது அந்த ஒரு எடம்தான், அதயும் புடுங்கிட்டியே."

கண் இருந்த இடம்

சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. வண்டியை எடுத்துக்கொள்ளும்போது நாங்கள் உள்ளேயும் வெளியேயும் போட்டோ எடுத்து வைப்பது வழக்கம். சுந்தர் ஒப்படைத்த அன்று கதவைத் திறந்து வைத்து எடுத்த ஒரு படம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் அதைப் பார்த்துப் பார்த்து சீட்டை நகர்த்தினோம். முதுகுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி என்பது மட்டும் படத்தில் தெரியவில்லை. தோல் சீட் மாதக்கணக்கில் வண்டியின் பின்சுவரில் உரசி நின்றால் தழும்பு விழும் என்பதால், நாங்கள் எந்த வண்டியிலும் இரண்டு விரல் இடம் விடுவோம். அதே பழக்கத்தில் இதிலும் என் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்துத்தான் நிறுத்தினேன். சீட் ஓடும் தண்டவாளத்தில் கஜா சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

உயரத்துக்கு என்ன செய்வது? நடுவில் இருக்கும் கண்ணாடிக்கு மோட்டார் கிடையாது; சுந்தருக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. அவர் கண் இருந்த இடத்தில் என் கண் இருந்தால் பின்னால் வரும் ரோடு அதில் முழுசாகத் தெரிய வேண்டும். நான் குள்ளம். ஓர் உறையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன், இன்னொன்றும் போட்டேன். செத்துப்போன ஒருவரின் கண் உயரத்தைத் தேடி இப்படி எம்பி எம்பி உட்காருவது எனக்கு என்னவோபோல் இருந்தது. எப்படி உட்கார்ந்தாலும் பின்பக்கம் பாதிக்குமேல் தெரியவில்லை. உதவிக்குக் கஜா பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியின் மீதிப் பாதியில் அவருடைய முகம் சட்டம் போட்டதுபோல அப்படியே வந்து நின்றது. இருவரும் கண்ணாடிக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த நிலையை ஒன்றாம் நம்பரில் பதிந்தோம். மூன்று தடவை பூட்டித் திறந்தேன். மூன்று தடவையும் சீட் நகர்ந்து, கோட்டில் கச்சிதமாக நின்றது. கஜாவின் கவலை வேறாக இருந்தது.

"இந்தாளு ரோட்டையே முழுசா பாக்கல சார். பொஞ்சாதியத்தான் பாத்துகினு ஓட்டிகீறாரு."

இரண்டு விரல்

கவிதா வந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். "அம்மா, ஒரு நிமிஷம்" என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர் கதவைத் திறந்துவிட்டார். 'ர்ர்ர்' என்று சீட் பின்னால் வந்தது. கோடு இருக்கும் இடத்துக்கு வந்தது. நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. தோல் பின்சுவரில் போய்ப் படிகிற சத்தம் மெல்லியதாகக் கேட்டது, அப்புறம்தான் நின்றது.

அவர் வழக்கம்போலக் காத்திருந்தார். வழக்கம்போல சீட்டின் முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். தண்ணீர் ஏறியது, ஸ்பேனர், போட்டோ, மடித்துப் போட்ட உறை, சாக்பீஸ் கோடு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அழுவார், அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்த்தார்.

"நீங்க வெச்ச எடத்துல நின்னிருந்தா என் கை பின்னால போயிருக்குமுங்கண்ணா. அவர் சுவத்தை இடிச்சுட்டுத்தான் உக்காருவார். நான் வாரா வாரம் தொட்டுப் பாக்கறது அதைத்தான்."

என்ன கரண்டு

அவர் போன பிறகு கஜா டார்ச் அடித்துப் பார்த்தார். கோடு அழியாமல் அப்படியே இருந்தது. சீட் அதைத் தாண்டி இரண்டு விரல் பின்னால் நின்றது. நான் கஜாவுக்கு விளக்கினேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் மோட்டாருக்குக் கணக்குத் தப்பிப்போகும். ஈரத்தில் ஒயர்களில் தடை மாறும். அழிந்த பதிவுகூட சில வண்டிகளில் முழுசாக அழியாமல் உள்ளே தங்கியிருக்கலாம். இருபது வருட அனுபவத்தில் எனக்குத் தெரிந்தது, தெரியாதது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. கஜா டார்ச்சை அணைத்துவிட்டு முழுசும் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி சார். நேத்து மூணு வாட்டி நம்ம கோட்டுலயே நின்னுச்சே, அதுக்கு இன்னா கரண்டு?"

நடுக் கண்ணாடி

பொங்கல் முடிந்த வாரம் கவிதா வண்டியை எடுக்க வந்தார். கதவைத் திறந்தார், சீட் சுவர் வரை பின்னால் போனது. காத்திருந்தார். பிறகு தானே உட்கார்ந்து, தனக்குத் தோதாக சீட்டை முன்னால் கொண்டுவந்து, அதை இரண்டாம் நம்பரில் பதிந்துகொண்டார். ஒன்றாம் நம்பர் பக்கம் விரல்கூடப் போகவில்லை.

பக்கவாட்டுக் கண்ணாடிகளைச் சரிசெய்து கொடுத்தேன். பழக்கதோஷத்தில் நடுக் கண்ணாடிக்கும் கையை நீட்டினேன். வேண்டாம் என்றார். பின்னால் வருகிற லாரி சரியாகத் தெரியாதம்மா என்றேன். அதற்குமேல் மனசுக்குள் வைத்துக்கொள்ள முடியாமல், கஜாவின் முகம் அந்தக் கண்ணாடியில் வந்து நின்ற கதையையும் சொன்னேன். அவர் சிரித்தார். சுந்தர் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எஞ்சினை எழுப்பினார்.

"தெரியுமுங்கண்ணா. ரோட்டைப் பாருங்கன்னு பத்து வருஷம் கத்தியிருக்கேன். இனி ரோட்டை நான் பாத்துக்கறேன், அது அப்படியே இருக்கட்டும்."

'வண்டிக்குள் விட்டுச் செல்லும் பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று குடோன் வாசலில் போர்டு மாட்டியிருக்கிறேன். ஆளை விட்டுச் சென்றால் யார் பொறுப்பு என்று அதில் எழுதாமல் விட்டது என் தப்பு என்பதால், ஐப்பசி வந்தால் அந்த ஏழாவது இடத்தை மட்டும் அந்தக் கரும்பச்சையைத் தவிர வேறு எந்த வண்டிக்கும் நான் கொடுப்பதாக இல்லை.